வீடு மாறும் குற்றம்: ஜிம்பாப்வேயின் பொய்ச்செய்திச் சட்டம், 1960 முதல் இன்று வரை

ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளில் பத்திரிகையாளர்களை உள்ளே தள்ளப் பயன்பட்ட சட்டங்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நீதிமன்றங்களில் விழுந்திருக்கின்றன. ஜாம்பியா 2014, ஜிம்பாப்வே 2014, மறுபடி 2016, லெசோத்தோ 2018 என்று தேதிகளை அடுக்கினால் சீர்திருத்தம் ஜோராக நடப்பதுபோலத் தெரியும். ஆனால் ஒரு நாட்டை, அதிலும் ஒரே ஒரு குற்றத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து போனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இங்கே எடுத்துக்கொள்வது ஜிம்பாப்வே. குற்றம், ‘பொய்ச் செய்தி வெளியிடுதல்’. இது பல முறை ரத்தாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு சட்டத்துக்குள் குடிபோயிருக்கிறது.

முதல் வீடு: 1960

ஜிம்பாப்வே அப்போது தெற்கு ரொடீசியா. வெள்ளைச் சிறுபான்மை அரசு 1960ல் சட்டம் ஒழுங்கு பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதைக் கண்டு பொறுக்காமல், அந்நாடு அப்போது அங்கம் வகித்த கூட்டாட்சியின் தலைமை நீதிபதி ராபர்ட் ட்ரெட்கோல்டே பதவியை உதறினார். அதன் 50(2)(ஏ) பிரிவு, மக்களிடையே ‘அச்சம், கலவரம், மனச்சோர்வு’ விளைவிக்கக்கூடிய பொய்யான கூற்றையோ வதந்தியையோ அறிக்கையையோ வெளியிடுவதைக் குற்றமாக்கியது. தண்டனை ஏழாண்டு வரை. வெளியிடும் முன் உண்மையைச் சரிபார்க்க நியாயமான முயற்சி எடுத்தேன் என்று நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில்.

1980ல் விடுதலை வந்தது, சட்டம் போகவில்லை. யாரைச் சிறையில் வைக்க அது எழுதப்பட்டதோ அவர்களே ஆட்சிக்கு வந்து, அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

1999 ஜனவரி 10 அன்று ‘தி ஸ்டாண்டர்டு’ வார இதழ், ஆட்சிக் கவிழ்ப்புச் சதி தொடர்பாக ராணுவ அதிகாரிகள் கைதானதாகச் செய்தி வெளியிட்டது. ஆசிரியர் மார்க் சவுண்டுகாவையும் செய்தியாளர் ரே சோட்டோவையும் ராணுவம் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்தது. சவுண்டுகாவை விடச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவை ராணுவம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னர் இருவர் மீதும் 50(2)(ஏ) வழக்கு போடப்பட்டது. அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

2000 மே 22ல் தலைமை நீதிபதி அந்தோணி கப்பே தந்த தீர்ப்பை, இத்துறையில் மசோதா எழுத உட்காரும் யாரும் முதலில் படிக்க வேண்டும். அதில் மூன்று வாதங்கள் முக்கியம். ‘பொய்’ என்றால் தெரிந்தே சொன்ன பொய் மட்டுமல்ல, நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழையும் இந்தப் பிரிவில் சிக்கும். இன்று பொய்யென்று கருதப்படுவது நாளை உண்மையாகலாம் என்பது வேறு. ‘அச்சம், கலவரம், மனச்சோர்வு’ என்ற சொற்களுக்கு எல்லையே இல்லை. செய்தி என்று சொல்லத்தக்க எதுவும் எங்காவது ஒருவருக்குக் கொஞ்சமாவது கலக்கம் தரும். மூன்றாவது, ‘விளைவிக்கக்கூடிய’ என்ற சொல். உண்மையில் யாரும் பயந்தார்களா என்று அரசு நிரூபிக்கவே தேவையில்லாமல் அது செய்துவிடுகிறது. கனடா உச்ச நீதிமன்றம் 1992ல் தன் நாட்டின் பொய்ச்செய்திப் பிரிவைச் செல்லாதாக்கிய சுண்டெல் வழக்கை கப்பே துணைக்கு எடுத்துக்கொண்டார். பிரிவு விழுந்தது.

மறு ஆண்டே, அரசின் நெருக்கடியில் கப்பே முன்கூட்டியே ஓய்வுபெற வேண்டிவந்தது.

இரண்டு அறை உள்ள புது வீடு: 2002

தீர்ப்பு வந்து இருபது மாதம்கூட ஆகவில்லை. 2002 ஜனவரியில் போசா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொது ஒழுங்கு, பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழைய 1960 சட்டத்தை ஒழிக்கிறோம் என்றுதான் அரசு அதை அறிமுகப்படுத்தியது. ஒழித்ததும் உண்மை. ஆனால் பொய்ச்செய்திக் குற்றம் அதன் 15ஆம் பிரிவில், ஐந்தாண்டுச் சிறையோடு உட்கார்ந்திருந்தது.

மார்ச் 15ல் இன்னொன்று: தகவல் பெறுதல், தனிமறைவுப் பாதுகாப்புச் சட்டம். எல்லோரும் ஐப்பா என்றே சொல்வார்கள். பெயரில் தகவல் பெறும் உரிமை இருக்கிறது. உள்ளே இருந்ததோ செய்தி நிறுவனங்களுக்குக் கட்டாயப் பதிவு, செய்தியாளர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அங்கீகாரம். அது இல்லாமல் எழுதினால் இரண்டாண்டு வரை சிறை என்பது பின்னர் வந்த திருத்தத்தில் சேர்ந்தது. அதன் 80ஆம் பிரிவு ‘பத்திரிகைச் சலுகையைத் துஷ்பிரயோகம் செய்தல்’ என்ற தலைப்பில் மறுபடி பொய்ச் செய்தியைக் குற்றமாக்கியது. மசோதாவைப் பரிசீலித்த நாடாளுமன்றச் சட்டக் குழுவின் தலைவர் எடிசன் ஸ்வோப்கோ ஆளுங்கட்சிக்காரர். அவரே, தாம் அமைச்சராக இருந்த இருபது ஆண்டுகளில் அரசியலமைப்பு உரிமைகள் மீது இப்படித் திட்டமிட்ட தாக்குதலைக் கண்டதில்லை என்று அவையில் சொன்னார். சில திருத்தங்களோடு மசோதா நிறைவேறியது.

80ஆம் பிரிவின் பொய்ச்செய்தி உட்பிரிவு 2003 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் செல்லாதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ‘வேண்டுமென்றே அல்லது அசட்டையாக’ என்ற சொற்களைச் சேர்த்து நாடாளுமன்றம் அதைத் திரும்ப உள்ளே வைத்தது. இந்தச் சொற்சேர்க்கையைக் கவனியுங்கள். தீர்ப்பில் நீதிமன்றம் எந்தக் குறையைச் சுட்டுகிறதோ, அதை மட்டும் ஒட்டுப்போட்டு அடைத்துவிட்டுக் குற்றத்தைக் காப்பாற்றுவதே வரைவாளர்களின் வழக்கம். அதனால் ஒரு சொல்லின் தெளிவின்மையை மட்டும் தாக்கி வாதாடும் வழக்கறிஞர், அடுத்த வரைவுக்குத் தானே பிழைதிருத்தம் செய்து தருகிறார். பேச்சுக்குச் சிறை என்பதே அளவுமீறியது என்ற வாதம்தான் ஒட்டுப்போட முடியாத ஓட்டை.

கறைபடிந்த கை

பதிவுக் கட்டாயத்தை எதிர்த்த கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சட்டத்தை எதிர்க்கும் வழியையே அது அடைத்தது. 1999ல் தொடங்கிய ‘டெய்லி நியூஸ்’ நாளிதழின் அச்சகம் 2001 ஜனவரியில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கும் அசராத நிறுவனம், ஐப்பாவின் கீழ் பதிவு செய்ய மறுத்து, அந்தக் கட்டாயமே செல்லாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2003 செப்டம்பர் 11 அன்று, கப்பேக்குப் பின் வந்த தலைமை நீதிபதி காட்பிரே சித்யாவுசிகு மனுவின் உள்ளடக்கத்துக்குள் நுழையவே இல்லை. சட்டத்தை மீறிய நிலையில் வந்திருக்கிறீர்கள், கை கறைபடிந்திருக்கிறது. முதலில் கீழ்ப்படியுங்கள், பிறகு வாருங்கள் என்றார். மறுநாளே போலீஸ் அலுவலகத்தை மூடியது. அடுத்து கணினிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நிறுவனம் பதிவுக்கு விண்ணப்பித்தபோது பதிவு வழங்கும் ஊடக ஆணையம் மறுத்தது. நாளிதழ் மறுபடி கடைக்கு வந்தது 2011 மார்ச்சில்.

ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2009ல், நாளிதழை மூடியது கருத்துரிமையை மீறியது என்று முடிவு சொன்னது. நாளிதழைத் திறக்க அது உதவவில்லை. கறைக்கை வாதத்துக்குப் பதில் வேறிடத்தில் வந்தது. 2013ல் வந்த புதிய அரசியலமைப்பின் 85(2) பிரிவு, ஒருவர் ஒரு சட்டத்தை மீறினார் என்பது அவர் நீதிமன்றத்தை நாடத் தடையாகாது என்கிறது. ஒற்றை வாக்கியம்தான். டெய்லி நியூஸ் வழக்கு தெரியாமல் படித்தால் இது ஏன் இங்கே இருக்கிறது என்றே புரியாது. இந்த முழு வரலாற்றிலும் திரும்பிப் போகாத சீர்திருத்தம் எது என்று கேட்டால், நான் காட்டுவது இந்த வாக்கியத்தைத்தான்.

பெரிய வீடு: 31ஆம் பிரிவு

2006 ஜூலை 1ல் குற்றவியல் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது போசாவின் 15ஆம் பிரிவு அங்கே 31ஆம் பிரிவாகக் குடியேறியது. ஐந்தாண்டு இருபது ஆண்டாயிற்று. பொய்யான கூற்றை வெளியிட்டவர், அதனால் பொது அமைதி கெடலாம், பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ கேடு வரலாம், போலீஸ், சிறைத்துறை, ராணுவம் மீது மக்கள் வைத்த நம்பிக்கை குலையலாம், அத்தியாவசியச் சேவை தடைபடலாம் என்று உணர்ந்திருந்தாலே போதும். அப்படி எதுவும் நடந்திருக்கத் தேவையில்லை. வழக்குகள் அதிகம் வந்து மோதியது நம்பிக்கை குலைப்பது பற்றிய மூன்றாம் உட்பிரிவில்.

2009ல் ‘ஜிம்பாப்வே இண்டிபெண்டன்ட்’ இதழின் கான்ஸ்டன்டைன் சிமகுரே, வின்சென்ட் கஹியா இருவர் மீதும் இதே உட்பிரிவில் வழக்கு. மனித உரிமைச் செயற்பாட்டாளர்களைக் கடத்தியதில் தொடர்புடைய போலீஸ், உளவுத்துறை ஆட்களின் பெயர்களை இதழ் வெளியிட்டிருந்தது. அந்தப் பெயர்கள் வந்த இடம் அரசுத் தரப்பே நீதிமன்ற வழக்கில் கொடுத்திருந்த ஆவணங்கள். ஐந்தாண்டு கழித்து, 2014 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த உட்பிரிவு கருத்துரிமையை மீறுவதாகக் கண்டு, ஏன் செல்லாதென்று அறிவிக்கக் கூடாது எனக் காரணம் காட்டச் சொல்லி அமைச்சருக்கு உத்தரவிட்டது.

அதே ஆண்டு ஜூனில், தொகுப்பின் 96ஆம் பிரிவான குற்றவியல் அவதூறும் விழுந்திருந்தது. மருத்துவ உதவித் திட்டம் நடத்திய ஒரு நிறுவனத்தின் நிதி நெருக்கடி பற்றி எழுதியதற்காக 2011ல் கைதான ஆசிரியர் நெவான்ஜி மதன்ஹிரே, செய்தியாளர் ங்காபா மட்ஷாசி தொடுத்த வழக்கு அது. சிவில் வழக்கில் நஷ்டஈடு கேட்க வழி இருக்கும்போது இரண்டாண்டுச் சிறை அளவுமீறியது என்றார் நீதிபதி பரத் பட்டேல்.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தப்பியது. வழக்கு தொடங்கியது பழைய அரசியலமைப்பு நடப்பில் இருந்தபோது, அதனால் தீர்ப்பும் பழைய அரசியலமைப்பின் கருத்துரிமைப் பிரிவான 20ஐ வைத்தே எழுதப்பட்டது. புதியது 2013 மேயில் வந்துவிட்டதே, அதன் கீழ் 96 உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது என்று அரசுத் தரப்பு நின்றது. மிசா ஜிம்பாப்வே என்ற ஊடக உரிமை அமைப்பும் சில பத்திரிகையாளர்களும் மறுபடி படியேறி, 2016 பிப்ரவரி 3ல் புதிய அரசியலமைப்பின் 61ஆம் பிரிவை வைத்தும் அது செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். ஒரே பிரிவைக் கொல்ல இரண்டு வழக்கு. அரசியலமைப்பு மாறும் தறுவாயில் இருக்கும் நாட்டில் மனு எழுதுகிறவர், இரண்டின் கீழும் நிவாரணம் கேட்டே எழுத வேண்டும்.

31ஆம் பிரிவுக்கு அந்த இரண்டாம் வழக்கு நடக்கவில்லை. விளைவு 2021ல் தெரிந்தது. ஒரு போலீஸ்காரர் தடியால் அடித்ததில் தாயின் கையிலிருந்த குழந்தை இறந்துவிட்டதாக ஜனவரியில் ஒரு காணொளி பரவியது. குழந்தை இறக்கவில்லை என்றது போலீஸ். அதைப் பகிர்ந்த பத்திரிகையாளர் ஹோப்வெல் சினோனோ கைதாகி, கிட்டத்தட்ட மூன்று வாரம் உள்ளே இருந்தார். ஏப்ரல் 28ல் உயர்நீதிமன்ற நீதிபதி ஜெஸ்டர் சரேவா, இப்படியொரு குற்றமே இப்போது சட்டத்தில் இல்லை என்று வழக்கைத் தூக்கியெறிந்தார். அதே காணொளிக்காக அதே உட்பிரிவில் கைதானவர் எதிர்க்கட்சிச் செய்தித்தொடர்பாளர் ஃபட்சாயி மஹேரே. 2023 ஏப்ரலில் ஹராரே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி 500 டாலர் அபராதம் போட்டது. ஒரே காணொளி, ஒரே உட்பிரிவு. ஒருவருக்கு அது இல்லாத சட்டம், மற்றவருக்கு இருக்கிற சட்டம்.

அரசியலமைப்பின் 175ஆம் பிரிவுப்படி, ஒரு சட்டம் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னால் அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்யும் வரை அந்த உத்தரவுக்கு வலு கிடையாது. சிமகுரே வழக்கின் உத்தரவோ ‘காரணம் காட்டு’ என்ற நிலையில் நின்றது. சட்டப் புத்தகத்தில் 31 அச்சாகியே இருக்கிறது. காவல் நிலையத்தில் குற்றப்பதிவு எழுதுகிறவர் பார்ப்பது அந்தப் புத்தகத்தை, தீர்ப்புத் தொகுதியை அல்ல. தீர்ப்பு வந்த பிறகு நாடாளுமன்றம் உட்கார்ந்து பிரிவை எழுத்தில் நீக்காதவரை இந்தக் குழப்பம் தீராது. நீதிமன்ற வெற்றியோடு கொண்டாட்டத்தை முடித்துவிட்டு, நீக்க மசோதாவுக்கு அலையாமல் விடுவதே இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

இப்போதைய முகவரி: 164சி

2020 ஜூலையில் தகவல் உரிமைச் சட்டம் வந்து ஐப்பாவை ஒழித்தது. பதினெட்டு ஆண்டுப் போராட்டத்தின் முடிவு என்று சரியாகவே பேசப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சைபர், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவுப் பாதுகாப்பு என்ற தலைப்பைப் பார்த்துப் பலரும் வங்கி, செல்பேசி நிறுவன விவகாரம் என்று நினைத்தார்கள். அதன் பின்பகுதி குற்றவியல் தொகுப்பைத் திருத்தி 164சி என்ற புதுப் பிரிவைச் செருகியது. அதை உடைத்துப் பார்ப்போம்: கணினி வழியாக, அடையாளம் காணத்தக்க ஒரு நபரைப் பற்றி, பொய்யென்று தெரிந்தே, மனத்துன்பமோ பொருளாதார இழப்போ தரும் நோக்கத்தோடு தகவலைப் பரப்பினால் ஐந்தாண்டு வரை சிறை.

நியாயமாகப் பார்த்தால் ‘தெரிந்தே’, ‘நோக்கத்தோடு’ என்ற இரண்டும் 1960ன் வாசகத்தைவிட இறுக்கமானவை. கப்பேயின் முதல் வாதம் இங்கே செல்லாது. ஆனால் ‘அடையாளம் காணத்தக்க நபர்’ என்ற சொற்களைப் பாருங்கள். இது பொய்ச்செய்திக் குற்றம் மட்டுமல்ல, 2016ல் இரண்டாம் முறை புதைத்த அவதூறுக் குற்றமும் கூட. அன்று அதிகபட்சம் இரண்டாண்டு, இன்று ஐந்து. அச்சுப் பத்திரிகைக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். எல்லா நாளிதழும் அதே செய்தியை இணையத்திலும் போடுகிறது. 2022 ஆகஸ்டில், ஒரு தனியார் கல்லறைத் தோட்டம் உரிய அனுமதியின்றி நடப்பதாக எழுதிய ‘நியூஸ்டே’ நாளிதழின் ஆசிரியர் மீதும் செய்தியாளர் மீதும் புதிய சட்டத்தில்தான் வழக்கு.

ஒரு கதவை மூடினால் பக்கத்துக் கதவு திறப்பது அங்கீகார விவகாரத்திலும் நடந்தது. ஐப்பா போன பிறகு, 2021 மேயில் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதும் ஜெஃப்ரி மோயோ, வெளிநாட்டுச் செய்தியாளர் இருவருக்கு முறையற்ற வழியில் அங்கீகார அட்டை பெற்றுக் கொடுத்ததாகக் கைதானார். தண்டனை வந்தது குடியேற்றச் சட்டத்தில். 2025ல் எச்எஸ்டிவி தொலைக்காட்சியின் செய்தியாளர் பிளஸ்ட் ம்லாங்கா, குடியரசுத் தலைவர் விலக வேண்டும் என்ற ஒரு முன்னாள் போராளியின் பேச்சை ஒளிபரப்பியதற்காக, சைபர் சட்டம் நுழைத்த வன்முறைத் தூண்டுதல் பிரிவான 164ல் கைதாகிப் பத்து வாரம் ஜாமீனின்றி இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் ‘ஜிம்பாப்வே இண்டிபெண்டன்ட்’ ஆசிரியர் ஃபெய்த் ஸாபா ஒரு கிண்டல் பத்திக்காகக் கைதானார். அந்தப் பிரிவு 33, ‘குடியரசுத் தலைவரின் அதிகாரத்தைக் குலைத்தல்’. 2006லிருந்து அது அங்கேயே இருக்கிறது.

இந்த வழக்குகளில் தண்டனைவரை போனவை குறைவு. தண்டனை வாங்குவது நோக்கமும் இல்லை. கைது, ரிமாண்டு, ஜாமீன் மறுப்பு, பறிமுதலான செல்பேசி, மாதக்கணக்கில் வாய்தா, இவ்வளவுமே போதுமான தண்டனை. ஆகவே குற்றத்தின் வரையறையை மட்டும் திருத்துகிற மசோதா பாதிக் கிணறுதான். வெளியீடு தொடர்பான புகாரில் பிடியாணை இன்றிக் கைது கூடாது, சம்மனே போதும் என்ற வரியும், உயர் வழக்குத்தொடுநரின் எழுத்து அனுமதியின்றி வழக்கு பதியக் கூடாது என்ற வரியும் சேர வேண்டும்.

அக்கம்பக்கம்

ஜாம்பியாவில் பொய்ச்செய்திப் பிரிவான 67ஐ உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் செல்லாதாக்கியது. குடியரசுத் தலைவர் அவதூறுப் பிரிவான 69ஐ 2022 டிசம்பரில் நாடாளுமன்றமே நீக்கியது. அதன் பிறகான கைதுகள் தேசத்துரோகப் பேச்சுப் பிரிவிலும் சைபர் சட்டத்திலும் வந்தன. லெசோத்தோவில், ராணுவத் தளபதியைக் கிண்டல் செய்த பத்திக்காக வழக்கைச் சந்தித்த பதிப்பாளர் பாசில்டன் பெட்டா 2018 மேயில் குற்றவியல் அவதூறையே வீழ்த்தினார். தென்னாப்பிரிக்காவின் வழி நேர்மாறு. குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2008ல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத பொதுச் சட்டக் குற்றம் என்பதால், ‘இக்குற்றம் ஒழிக்கப்படுகிறது’ என்று தனியாக ஒரு பிரிவு எழுதி 2024 ஏப்ரலில் அதை முடித்தார்கள். நீதிமன்றம் மறுத்ததை நாடாளுமன்றம் செய்தது. எளிதில் திரும்பாத வழி என்று பார்த்தால் நால்வரில் இதுவே மேல்.

மசோதா மேசையில்

வரைவு தொடங்கும் முன் ஒரு அட்டவணை போட வேண்டும். நீக்கப் போகும் பிரிவின் நடத்தைக் கூறுகளை, அதாவது ‘பொய்’, ‘வெளியிடல்’, ‘நம்பிக்கை குலைத்தல்’ போன்றவற்றை, இடப்பக்கம் எழுதி, அதே செயலைத் தண்டிக்கக்கூடிய மற்ற எல்லாச் சட்டங்களையும் எதிரே எழுத வேண்டும். ஜிம்பாப்வேக்கு இன்று போட்டால் 31, 33, 164, 164சி, அதோடு குடியேற்றச் சட்டம் எல்லாம் ஒரே வரிசையில் வரும். ஒன்றை மட்டும் நீக்கும் மசோதா எதற்கும் உதவாது என்பது அப்போது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நீக்க வாசகம். காமன்வெல்த் நாடுகளின் பொதுவான விளக்கச் சட்ட விதிப்படி, ஒரு பிரிவை நீக்கினாலும் அதன் கீழ் ஏற்கெனவே தொடங்கிய வழக்குகள் தொடரும். அதைத் தடுக்க வேண்டுமானால், நிலுவை வழக்குகளும் முடிவுக்கு வருகின்றன என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகள் ‘இச்சட்டத்தின் கீழ் போடப்பட்டதாகக் கருதப்படும்’ என்ற காப்பு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். கட்டணம், அட்டை, அறிவிப்புக் கெடு என்று ஒழித்ததாக நினைத்த பலதும் அந்த வரி வழியாக உள்ளே வந்துவிடும். மசோதாவைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது நல்ல பழக்கம்.

164சியை எதிர்த்து வழக்கு வரும்போது அடித்தளம் தயாராகவே இருக்கிறது. பட்டேலின் 2014 தீர்ப்பும் மிசாவின் 2016 வெற்றியும் அவதூறுக்குச் சிறை அளவுமீறியது என்று சொல்லிவிட்டன. அடையாளம் காணத்தக்க நபரைப் பற்றியது என்பதால் அந்த வாதம் அப்படியே 164சிக்குப் பொருந்தும். மனு உயர்நீதிமன்றத்தில் தொடங்கினால், உறுதிப்படுத்தக் கேட்கும் விண்ணப்பமும் அன்றே கையில் இருக்கட்டும்.